பிளேட்டு குறைந்தவர்

திருவரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் ஓரகத்திகள் இருவர் அமர்ந்திருந்தனர். மூத்தவர் வெடுக்கென்று சொன்னார்:

“உனக்குப் பிளேட்டு கொறஞ்சுதுன்னு வீடே அழுதுச்சு. அப்ப அத்தனை பேர் பிளேட்டையும் கழுவினது நான்தான்.”

இளையவர் நகைத்தார். “அது பிளேட்லெட்டு, அக்கா. ரத்தத்துல இருக்குறது. டெங்கு வந்தா கொறையும்.”

“எதுவா இருந்தா என்ன? உனக்கு அத்தை தன் கையாலயே இளநீர் குடுத்தாங்க. எனக்கும் இத்தனை நாளா காய்ச்சல். இன்னைக்கு விட்டதும், காய் வாங்கிட்டு வான்னு பையக் குடுத்துட்டாங்க.”

“அன்னைக்கே டெஸ்ட் எடுக்கச் சொன்னேனே.”

“எடுத்தா, உன்னைப் பார்த்து நடிக்கிறேன்னு சொல்வாங்க.”

இவ்வாறு கூறியவர் வயிற்றைப் பற்றிக்கொண்டு குனிந்தார்.

“வயிறு வலிக்குதாக்கா?”

“விடியக்காலைலேர்ந்து. வாந்தியும் நிக்கல.”

இளையவரின் நகைப்பு மறைந்தது. “காய்ச்சல் விட்டப்புறம் இப்படி வந்தாத்தான் ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கிடுவோம்.”

“காய்கறி?”

“அத்தை வாங்கட்டும்.”

அச்சொல் மூத்தவருக்கு இனித்திருக்க வேண்டும், மறுப்பின்றி எழுந்தார். நிறுத்தம் வந்ததும், இளையவரின் தோளைப் பற்றியவாறே படியிறங்கினார்.

“அத்தைக்குப் போன் போடு. எனக்கும் பிளேட்டு கொறஞ்சிருக்குன்னு சொல்லு.”

“இன்னும் டெஸ்டே எடுக்கலையேக்கா.”

“பரவால்ல. உன்னுதைவிடக் கொறச்சலுன்னு சொல்லு.”