குடைக்கம்பி இறக்கை

முப்பிடாதி: ...சரியா ஞாபகம் இருக்கான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு அண்ணாச்சி. வாத்தியாரு காட்டின படத்துல ரெண்டு இறக்கையா, நாலான்னு...

துல்கர்னைன்: நாலு.

முப்பிடாதி: நீங்க அந்தப் படத்தப் பாத்தியளா?

துல்கர்னைன்: இல்ல... தட்டானுக்கு நாலுதான. அதச் சொன்னேன்.

ஜாஹிரா: குடை ரிப்பேருக்கு வந்தவகளோட குடையப் பேசுங்க. தட்டானாம், தும்பியாம்... மதினி, உள்ள வாங்க. சாரல் அடிக்கு, சேலை நனையுது.

முப்பிடாதி: இருக்கட்டும் மதினி. நான் குடைக்கு வரல. இறக்கை செய்யணும்.

ஜாஹிரா: எதுக்கு, கோழிக்கா?

முப்பிடாதி: பள்ளிக்கூட நாடகத்துக்கு. ஞானசம்பந்தம் வாத்தியாரு போடுதாரு. நாலு பிள்ளைக தேவதையா வரணுமாம், முதுகுல இறக்கையோட. அவகவக இறக்கைய அவகவக வீட்டுல செஞ்சு கொண்டாரணும்.

துல்கர்னைன்: தேவதைக்கு ஏது இறக்கை? தென்காசித் தேர்ல எத்தனை பொம்பளச் சிலை இருக்கு, ஒண்ணுக்கும் நான் பாத்ததில்லையே.

முப்பிடாதி: இது வெள்ளைக்காரன் ஊரு தேவதையாம்.

ஜாஹிரா: எங்கள்ல பரின்னு சொல்லுவாக. காஃப் மலையில இருக்கும். குத்தாலத்துக்கு வந்தா சாரல்ல நனைஞ்சு, தடுமம் பிடிச்சுத்தான் திரும்பிப் போகும்.

முப்பிடாதி: அதுக்குத்தான் இங்கன வந்தேன். கஞ்சி போட்ட துணி ஒரு சாரலுக்குத் தாங்காது. இன்னைக்குக் காலையில எந்திரிச்சா, எங்க அடுக்களையில குடை விரிச்சுக் கிடக்கு. யாரு விரிச்சான்னு தெரியல. அந்தக் கம்பியப் பாத்ததும் உங்க நினைப்பு வந்துச்சு.

துல்கர்னைன்: ...அப்படியா.

முப்பிடாதி: ஏன் சிரிக்கிய?

துல்கர்னைன்: சிரிக்கலையே. யாருக்கு இறக்கை?

முப்பிடாதி: அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. பத்து வயசு. அளவுக்குச் சட்டை கொண்டாந்திருக்கேன். என்ன அண்ணாச்சி, சட்டையவே பாத்துக்கிட்டு இருக்கிய?

துல்கர்னைன்: வலது பக்கம், முதுகுல, துணி கூட விட்டுத் தச்சிருக்கு.

ஜாஹிரா: மதினி, இது நம்ம வள்ளித்தாய் சட்டைல்லா? உங்க மகளுதுதான?

முப்பிடாதி: ...ஆமா. அவளுக்குத்தான்.

துல்கர்னைன்: சின்னதுல காய்ச்சல் கண்டு, முதுகு...

முப்பிடாதி: அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதிய.

துல்கர்னைன்: சொல்லல தங்கச்சி.

முப்பிடாதி: அவள மரமா நிக்கச் சொல்லிட்டாக. கையில ரெண்டு கொப்பு. முதுகத் திருப்பாம, நாடகம் முடியுத வரைக்கும் அப்படியே நிக்கணும். அன்னைலேருந்து அவ எங்கூட பேசல. அஞ்சு நாளாச்சு. சோறு வச்சா திங்கா. ஏட்டி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டான்னா எந்திரிச்சுப் போறா. சண்டை போட்டாலாவது தேவலை...

ஜாஹிரா: பேசாத பிள்ளை வீட்டுல இருந்தா, வீடே காது கேக்காத மாதிரி ஆயிரும்.

முப்பிடாதி: முந்தாநாளு வாத்தியாரு வீட்டுல போயி நின்னேன். முதுகு மறையுத மாதிரி இறக்கை இருந்தா அவளும் தேவதைதான்னுட்டாரு.

துல்கர்னைன்: மறைக்கணுமா, பறக்கணுமா?

முப்பிடாதி: மறைக்கணும். அவ மேடையில ஏறணும், ஒருத்தரும் சிரிக்காம இறங்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.

துல்கர்னைன்: எப்ப நாடகம்?

முப்பிடாதி: வர்ற வெள்ளிக்கிழமை.

துல்கர்னைன்: செவ்வாக்கிழமை வா.

*

ஜாஹிரா: வாங்க மதினி, வாங்க. செவ்வாக்கிழமை சொன்னபடி வந்துட்டிய. வந்து வௌவாலப் பாருங்க.

துல்கர்னைன்: ஏட்டி, சும்மா இரு.

முப்பிடாதி: ஐயோ... என்ன அண்ணாச்சி இது, கீழ வளைஞ்சு தொங்குது!

துல்கர்னைன்: கைப்பழக்கம் தங்கச்சி. இருபது வருசமாக் கம்பியக் கீழ வளைச்சே பழகிட்டு. ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து கோத்தேன். முடிச்சுப் பாத்தா, பிடி இல்லாத அரைக் குடை.

ஜாஹிரா: கறுப்புத் துணி வேற. நான் முதுகுல மாட்டிக்கிட்டு நின்னேன், பூனை பயந்து ஓடிப்போச்சு.

முப்பிடாதி: சிரிக்காதிய மதினி. இன்னும் மூணே நாளு...

துல்கர்னைன்: பொறு. அது பழசு. இதப் பாரு.

முப்பிடாதி: இது எப்படி மேல எந்திரிச்சு நிக்கு?

துல்கர்னைன்: அருவிக்கரையில காத்து அடிச்சா குடை என்ன ஆகும்?

முப்பிடாதி: மேல மடங்கிப் போகும்.

துல்கர்னைன்: அத நிமித்துததுதான் என் பொழைப்பு. நேத்து ஆலங்குளத்துக்காரரு ஒருத்தரு, அப்படி மடங்கின குடையோட வந்தாரு. கையில வாங்கினேன். நிமித்த மனசு வரல. இத்தனை வருசம் கெட்டுப்போன குடைன்னு நினைச்சேனே... அது கெட்டுப்போகல. வேற என்னமோ ஆகப் பாத்திருக்கு.

ஜாஹிரா: அந்த மனுசரு நனைஞ்சுக்கிட்டு நிக்காரு. இவுக குடையத் திருப்பித் திருப்பிப் பாக்காக. கடைசியில அவரு ஒரு சாக்கத் தலையில போட்டுக்கிட்டுப் போனாரு.

முப்பிடாதி: துணிக்குப் பின்னால கை வச்சா விரல் தெரியுதே...

ஜாஹிரா: மல்லுத் துணி. மலைத்தேன் கொண்டார்றவககிட்ட மெழுகு வாங்கி, உருக்கித் தேய்ச்சேன். தண்ணி பட்டா உருண்டு ஓடிரும். ஊத்திப் பாருங்க.

முப்பிடாதி: ஆமா... ஒட்டவே மாட்டேங்கு. தட்டான் இறக்கை மாதிரியேதான். இந்தச் சீசாவுல என்ன?

துல்கர்னைன்: செத்த தட்டான். பாத்துச் செய்ய.

முப்பிடாதி: நீங்களா பிடிச்சிய?

ஜாஹிரா: இவுக பிடிச்சுட்டாலும்! ஓடுத ஆமையப் பிடிக்கத் தெரியாது.

துல்கர்னைன்: யாரோ... கொண்டாந்து குடுத்தாக.

முப்பிடாதி: சட்டை முதுகுல ஏன் வெட்டி வச்சிருக்கு?

துல்கர்னைன்: இறக்கை உக்கார.

முப்பிடாதி: நான் மறைக்கச் சொன்னேன். நீங்க அந்த எடத்துலயே வாசல் வச்சிருக்கிய!

துல்கர்னைன்: கயித்தக் கொண்டு கட்டினா மூட்டை மாதிரி தொங்கும் தங்கச்சி. கம்பிக்கு ஒரு தாங்கல் வேணும். அந்த மேட்டு மேல உக்காந்தாத்தான் நிமிந்து நிக்கும். மத்த பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்ல.

முப்பிடாதி: வசதியா? அவ பட்டதெல்லாம் உங்களுக்கு வசதியா?

துல்கர்னைன்: ...கம்பிக்காரன் பேச்சு. தப்பா எடுத்துக்காத.

முப்பிடாதி: வேண்டாம். அத்தன பேருக்கு முன்னால... வேண்டாம் அண்ணாச்சி.

ஜாஹிரா: அழாதிய மதினி. இந்தாங்க, மிச்ச மல்லுத் துணி. ரெண்டு ஊக்கு குத்தினா முதுகு மூடிரும். குத்துததும் குத்தாததும் உங்க இஷ்டம்.

முப்பிடாதி: குத்தத்தான் போறேன்.

துல்கர்னைன்: குத்தினா இறக்கை பாதிதான் விரியும். சொல்லிட்டேன்.

முப்பிடாதி: பாதி போதும்.

*

ஜாஹிரா: நேத்து நாடகத்துக்கு வரணும்னு கிளம்பினேன் மதினி. சீசன் கூட்டம், கடைய விட முடியல. சொல்லுங்க. ஒண்ணையும் விடாமச் சொல்லுங்க.

முப்பிடாதி: ஊக்கு குத்தித்தான் கூட்டிட்டுப் போனேன்.

துல்கர்னைன்: ம்.

முப்பிடாதி: மேடைக்குப் பின்னால நிக்கோம். பேரு கூப்பிட்டாச்சு. அவ நின்னா. கையப் பின்னால கொண்டுபோயி, ரெண்டு ஊக்கையும் அவளே கழட்டினா. துணிய மடிச்சு என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

ஜாஹிரா: சிரிச்சாகளா?

முப்பிடாதி: நான் கண்ண மூடிக்கிட்டேன். முதல்ல ஒரு சத்தமும் இல்ல. பெறகு சிரிப்பு. கூட்டமே சிரிக்கு.

ஜாஹிரா: யா அல்லா.

முப்பிடாதி: கண்ணத் தொறந்தா, பந்தல் கீத்து வழியாச் சாரல். மத்த மூணு தேவதைக்கும் கஞ்சி இறக்கை நனைஞ்சு, துவைச்சுப் போட்ட வேட்டி மாதிரி தொங்குது. அதப் பாத்துத்தான் சிரிக்காக. இவளுது மட்டும் நிமிந்து நிக்கு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல தண்ணி முத்து முத்தா ஓடுது.

துல்கர்னைன்: முழுசா விரிஞ்சுதா?

முப்பிடாதி: முழுசா. முன் வரிசையில ஒரு சின்னக் குட்டி, அவ ஆத்தா மடியில இருந்து கத்துது: 'அவகளுக்கெல்லாம் கட்டி விட்டது. இந்த அக்காவுக்குத்தான் முளைச்சிருக்கு.'

ஜாஹிரா: பாருங்க இவுகள, கண்ணத் துடைக்காக. சாரல் கண்ணுல அடிச்சிட்டாம்.

துல்கர்னைன்: வள்ளித்தாய் பேசிட்டாளா?

முப்பிடாதி: பேசிட்டா.

துல்கர்னைன்: என்ன சொன்னா?

முப்பிடாதி: 'பசிக்கு'ன்னா. ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னா. இறக்கை எங்க வீட்டு ஆணியில தொங்குது. வாத்தியாருக்குத் தடுமம். மத்த மூணு பிள்ளைகளும் காய்ச்சல்ல கிடக்கு. இவ மட்டும் காலையிலயே பள்ளிக்கூடத் தெருப்பக்கம் விளையாடப் போயிட்டா.

ஜாஹிரா: பெறகு ஏன் மதினி முகம் இப்படி இருக்கு?

முப்பிடாதி: ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயாவது சொல்லணும்... வாத்தியாரு அவள மரமாப் போடல. முதல் நாளே தேவதைன்னுதான் பேரு எழுதியிருந்தாரு. மரமா நிறுத்துங்க, முதுகு தெரியாம இருக்கட்டும்னு போயிக் கேட்டது நான். இறக்கை முதுக மறைக்கணும்னதும் நான்தான். அவரு ஒண்ணும் சொல்லல. பாவம், பழிய அவரு மேல போட்டுட்டேன். அது அவளுக்குத் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சா என்னைய எந்தக் காலத்துலயும் மன்னிக்க மாட்டா.

ஜாஹிரா: ஏங்க, மதினிகிட்ட சொல்லிருங்க. இனி என்னத்துக்கு மூடி வைக்கிய.

முப்பிடாதி: எத அண்ணாச்சி?

துல்கர்னைன்: அந்தத் தட்டானக் கொண்டாந்தது வள்ளித்தாய்தான், தங்கச்சி. நீ வந்ததுக்கு முந்தின நாளு. 'நாளைக்கு அடுக்களையில குடைய விரிச்சு வைப்பேன் மாமா. எங்கம்மா கம்பியப் பாத்துட்டு இங்கனதான் வருவா. மறைக்கச் சொல்லுவா. சரி சரின்னுட்டு, நாலு இறக்கையும் என் முதுகுலேருந்தே முளைச்ச மாதிரி வச்சிருங்க'ன்னா. படி இறங்கினவ திரும்பி வந்தா. 'என்னைய மரமா ஆக்கினது எங்கம்மாதான்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லிராதிய மாமா. அழுவா'ன்னா.