கட்டணமில்லாத காரணம்

அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சுவரோரமாக இழுத்துப் போட்டால் ஆடாது. உட்காருங்கள் சார். உங்கள் கம்பெனி வழியாக எங்களுக்குப் பணம் வருவது புதிதல்ல, கம்பெனியிலிருந்து ஆளே வருவது இதுதான் முதல் தடவை. நோயாளியை நேரில் பார்த்து நாலு வரி எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள், தெரியும். இப்போதுதான் கண்ணயர்ந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஒளிவுமறைவு வேலையெல்லாம் ஒத்துவராது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் உங்கள் சேவைக் கட்டணம்தான். குறையாகச் சொல்லவில்லை. என் மனைவியின் தம்பி வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறான். மாதாமாதம் பணம் அனுப்புவான், அனுப்பியதும் போன் போட்டு அரை மணி நேரம் உங்களைத் திட்டுவான். "அத்தான், நான் வெயில்ல காய்ஞ்சு சம்பாதிச்சு அனுப்புறேன், இவனுங்க குளுகுளுன்னு உட்கார்ந்துகிட்டுப் பிடிச்சுக்கிறானுங்க" என்பான். அவனுக்கு ஆறுதல் சொல்லியே என் வாய் வலித்துவிடும்.

ஒருநாள் அங்கே கவுண்டரில் இருந்த பெண் அவன்மேல் இரக்கப்பட்டு ஒரு விஷயம் சொன்னாள். பணம் எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் 'குடும்பச் செலவு' என்றால் கட்டணம் உண்டு, 'மருத்துவச் செலவு' என்றால் கிடையாது. இவன் உடனே மருத்துவம் என்றான். நோயாளி யார் என்று கேட்டாள். வங்கியிலும் அடையாள அட்டையிலும் எந்தக் குளறுபடியும் இல்லாத ஒரே ஆள் எங்கள் வீட்டில் மாமனார்தான். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். இப்படித்தான் அவர் நோயாளியானார். அன்று காலையில்கூட ஆற்றுப்பாலம் வரைக்கும் நடந்துபோய்விட்டு வந்து, இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விஷயம் தெரிந்ததும் வீடே சிரித்தது. மாமனார்தான் அதிகம் சிரித்தார். "எனக்கு என்ன வியாதின்னு முதல்லயே சொல்லிடுங்க மாப்பிள்ளை. யாராவது கேட்டா நான் பாட்டுக்கு உளறிடப் போறேன்" என்றார்.

அவர் போஸ்ட்மேன். சைக்கிள் கொடுத்தும் தொடாமல் சர்வீஸ் முழுக்க நடந்தே தபால் கொடுத்தவர். மணியார்டர் எடுத்துக்கொண்டு போனால், "எல்லாரும் என் மூஞ்சியப் பார்க்குறதுக்கு முன்னாடி காலைத்தான் பார்ப்பாங்க. எந்த வாசல்ல நிக்கப்போகுதுன்னு" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை.

பிறகு உங்கள் கம்பெனியிலிருந்து வீடியோவில் ஒரு பெண் கூப்பிட்டாள். சும்மா விசாரணைதான். "ஐயா, உடம்பு எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஜம்முனு இருக்கேம்மா. இப்பதான் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன். நீ சாப்பிட்டியா?" என்றார். நான் போனைப் பிடுங்கி, "அவருக்கு நினைவு தப்புதும்மா. படுத்த இடத்துலயே ஊரெல்லாம் நடக்குறார்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் கண்கலங்கிவிட்டாள். நல்ல பெண்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன். பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதரை இந்த வயதில் பொய் சொல்லச் சொல்வது பாவமில்லையா? அவருக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டால், மனச்சாட்சி உறுத்தாமல் பதில் சொல்வார் அல்லவா? வழக்கமான பரிசோதனைக்கு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இவருக்கு ஒண்ணுமில்ல, நீங்கதான் கொஞ்சம் தொப்பையைக் குறைக்கணும்" என்றார். வெளியே வந்து மாமனாரிடம், இதயம் பலவீனமாக இருக்கிறது, நடந்தால் எந்த நிமிடமும் நின்றுவிடலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதாகச் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன், பயமுறுத்தவில்லை. வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். அவர் நடக்க வேண்டாமே என்று.

அதன்பிறகு அவர் அழகாக ஒத்துழைத்தார். அடுத்த வீடியோவில், "முடியலம்மா" என்று அவர் சொன்னது அவ்வளவு இயல்பாக இருந்தது.

மச்சானைப் பற்றித்தான் எனக்கு ஆச்சரியம். இந்தப் பொய்யைத் தன் வாயால் தொடங்கி வைத்தவனே அவன்தான். அப்பாவின் ஈனக்குரலைப் போனில் கேட்டதும் எல்லாம் மறந்து ஓவென்று அழுதான். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடச் சொல்லி, அதற்கும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தான். வேற்று ஆள் வீட்டுக்குள் வந்தால் எப்படிக் கவனிப்பார்களோ? நானே இரும்புக் கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். கடையில் தூசி, மூட்டை, முதலாளியின் வாய். அதையெல்லாம் தியாகம் செய்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

என் மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். ஒருநாள் வந்ததும் வராததுமாக, "என்னங்க, போதும். கட்டணம் போனா போகுது. அப்பா முகமே செத்துப்போச்சு. நடக்க விடுங்க" என்றாள். டாக்டர் சொன்னதை அவளிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவம், அதன்பிறகு அவளே அவர் கட்டிலைவிட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டாள்.

அவரும் சும்மா இருந்தவரில்லை. முதலில் ஜன்னலோரம் கட்டிலைப் போடச் சொன்னார். தெருவில் போகிற கால்களைப் பார்த்துக்கொண்டே, "அவன் அவசரமா போறான். இவ யாரையோ தேடிக்கிட்டுப் போறா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அது மனசுக்கு அலைச்சல் என்று கட்டிலை உள்ளறைக்கு மாற்றினேன். ஒருமுறை நான் குளிக்கும்போது வாசல்வரை போய்விட்டார். அன்றிலிருந்து குளிக்கும் நேரத்தில் அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். கொஞ்ச நாளில் தாழ்ப்பாள் போடுவதே பழக்கமாகிவிட்டது.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

போன மாதம் உங்கள் கம்பெனியிலிருந்து, நேரில் வந்து சரிபார்ப்போம் என்று செய்தி வந்தது. எனக்குத் தூக்கமே போய்விட்டது சார். உண்மையைச் சொல்கிறேன், மாட்டிக்கொள்வோம் என்ற பயம் மட்டுமில்லை. ஒரு கம்பெனியை ஏமாற்றிவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சி. சரி, இவர் எழுந்து நடந்துவிட்டால் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்து, அவர் அறைக்குப் போய், "மாமா, டாக்டர் நடக்கலாம்னு சொல்லிட்டார்" என்றேன்.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாலம் வரைக்கும் போலாமா மாப்பிள்ளை?" என்றார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால் நிற்கவில்லை. மறுபடியும் எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். வேட்டியை விலக்கித் தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் எலும்புதான் இருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் மனசுக்குள்ள நம்பாம இருந்தேன். மன்னிச்சிடுங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் சார் நிம்மதியாகத் தூங்கினேன். ஆகவே நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். நோயாளி உண்மையான நோயாளிதான். ஆரம்பத்தில் ஒரு சின்னப் பொய் இருந்தது, அதை மறுக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிடாமல், இரவும் பகலும் கூடவே இருந்து நான்தான் உண்மையாக்கினேன். கட்டண விலக்கு தொடர்வதில் இனிமேல் உங்களுக்குச் சிக்கல் இருக்காது.

எழுந்துவிட்டார் போலிருக்கிறது. "யாரு மாப்பிள்ளை? போஸ்ட்மேனா?" என்கிறார், கேட்டதா? வாருங்கள், தாழ்ப்பாளைத் திறக்கிறேன். நீங்கள் ஏன் என் காலையே பார்க்கிறீர்கள்? ஆமாம், அவருடைய செருப்புதான். அசல் தோல், எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. தினமும் சாயங்காலம் போட்டுக்கொண்டு பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். நல்ல பொருள் சார். உபயோகிக்காமல் சும்மா போட்டு வைத்தால் வீணாகிவிடும்.