பத்தாவது வருஷத்துச் சோள உருண்டை

சோளம் விதைக்க அவசரம் ஆகாது, ஊர்த்தலைவரே. குயில் கூவி மூன்று நாள் போகட்டும் என்பார் என் மாமியார். அதற்கு மேல் தாமதித்தாலும் வம்பு. எங்கள் ஜோங்சோன் மலையில் செப்டம்பர் முடிவதற்குள் உறைபனி இறங்கிவிடும். அதற்குள் முற்றுவது மாமியார் வழி வந்த குட்டைச் சோளம் ஒன்றுதான்.

விதையைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள். உட்காருங்கள்.

என் ஓரகத்தி புன்ரேயை உங்களுக்குத் தெரியும். ஒரு சிரிப்பு சிரிப்பாள், ஊரே நல்லவள் என்னும். கெட்டிக்காரி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. விதைக் கதிரை இறவாரத்தில் கட்டாமல் குதிருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். எலி விடுமா? விதைப்பு நேரத்தில் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு கை வெத குடுங்க. எம் பய மான்சோக்குக்கு இது பத்தாவது வருஷம்."

"மாமியா வெதய எலிக்கு விருந்து வச்சுட்டு இங்க வந்து நிக்கிறியாக்கும்?"

"திட்டிக்கிட்டே குடுங்கக்கா."

பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்வரை, பிறந்தநாள் தோறும் சோளமாவை உருட்டி வேகவைத்து, சிவப்புப் பயற்றில் புரட்டிக் கொடுப்போம். காத்து கருப்பு அண்டாது. எங்கள் குடும்பத்தில் அது மாமியார் விதையில் விளைந்ததாக இருக்கவேண்டும். சந்தைச் சோளம் செல்லாது.

கொடுத்தேன். மலைக்குக் கீழே விளையும் கீழ்நாட்டுச் சோளத்தை. பார்வைக்கு இரண்டு விதையும் ஒன்றுதான். முற்றுவதற்கு ஒரு மாதம் கூடுதலாகும், அவ்வளவே.

கோடை முழுக்கப் பயிர் ஓங்கி நின்றது. "ஒங்க கை ராசிக்கா, கூரையத் தொடுது பாருங்க" என்று என்னிடமே பீற்றினாள். உயரத்தைப் பார்த்து மயங்குகிறவளை என்ன செய்வது? கதிர் பால் பிடித்திருக்கும்போதே பனி கருக்கிவிட்டது. பிறகு ஒரு கிண்ணம் சோளமாவது தரச்சொல்லி வந்தாள். கோழிக்குப் போட்டுத் தீர்ந்துவிட்டது என்றேன்.

உருண்டை இல்லாமலே அந்தப் பிறந்தநாள் போயிற்று. இப்போது மான்சோக் ஆஸ்பத்திரியில் நுரையீரல் காய்ச்சலோடு கிடக்கிறான். ஆம், தெரிந்துதான் கொடுத்தேன். இது நடக்கவேண்டும் என்றுதான் கொடுத்தேன்.

என் மகன் கப்சுவின் ஏழாவது வருஷத்தில் பனி என் கொல்லையை மட்டும் கருக்கியது. நான் பத்து நாள் பிந்தி விதைத்தேன் என்று ஊர் சொல்லும். ஊர் என்னதான் சொல்லாது? அந்தக் குளிர்காலத்தை அவன் தாண்டவில்லை. அவள் மகன் மட்டும் பத்தைத் தாண்டவேண்டுமாம். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அப்போது அவள் உருண்டை தரவில்லையா என்கிறீர்கள். தந்தாளே. தட்டு நிறைய, சூடாக, அதே சிரிப்போடு. "கப்சுவுக்குக் குடுங்கக்கா" என்றாள். பிச்சை வாங்கிப் பிள்ளையைக் காக்கும் நிலை எனக்கு வரவில்லை. அவள் தலை மறைந்ததும் கோழிகளுக்குக் கொட்டினேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை.