மாடிப் பின்னறையில் குழந்தை இல்லை

என் பெயரும் கணவர் பெயரும் இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டின் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தேழு. தாவரவியலில் பட்டம் பெற்றவள். பிரசவத்துக்கு முன் ஒரு விதைக் கடையில் கணக்கு எழுதினேன், இப்போது வேலைக்குப் போகவில்லை. எனக்கு ஒரே மகள், பத்து மாதம். அவள் உயிரோடும் நலமாகவும் இருக்கிறாள். இந்த வரி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். வாயால் சொல்லும்போது பாதியில் நின்றுபோகிறேன் என்பதால் விசாரணை அதிகாரியின் அனுமதியோடு என் கையாலேயே எழுதுகிறேன். குழந்தையைப் பெண் காவலர் ஒருவர் எதிர் பெஞ்சில் மடியில் வைத்திருக்கிறார். நான் எழுதும் இடத்திலிருந்து அவள் தெரிகிறாள்.

தீப்பிடித்த வீடு என் கணவருக்குச் சொந்தமானது. கீழே கூடமும் சமையலறையும், மேலே முன்னறை, பின்னறை என்று இரண்டு அறைகளும் இருந்தன. மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் உண்டு. அந்தத் திருப்பத்தில் பீரோ ஏறாமல் கடைசிவரை கூடத்திலேயே நின்றது. நான் கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்குக் காப்பீடு எடுத்தோம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் மாடிப் பின்னறைக் கூரையில் சின்னத் தட்டு அளவில் வெள்ளையாக ஒரு கருவியைப் பொருத்தினார். அறையில் ஆள் நடமாட்டம், வெளிச்சம் எல்லாம் அதற்குத் தெரியும், புகை பட்டால் அலறும், அலறுவதோடு தானாகவே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் அனுப்பும், வீட்டில் யார் எந்த அறையில் தூங்குகிறார்கள் என்பதும் அந்தத் தகவலோடு போகும் என்று விளக்கினார்.

"பொறக்கப் போற குழந்தைக்கு எந்த ரூம்மா?" என்று கேட்டார். மாடிப் பின்னறை என்றேன். "அத இப்பவே போட்டுடறேன். அவசரத்துல வர்றவங்க தேட வேண்டாம், நேரா அங்கதான் போவாங்க" என்றார். எனக்கு அன்றைக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பெயர் யோசிப்பதற்கு முன்னாலேயே பிள்ளைக்கு ரூம் போட்டுவிட்டாள் என்று என் கணவர் தன் அச்சகத்தில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாராம்.

அதன் பிறகு மகள் பிறந்தாள். மழைக்காலத்தில் பின்னறைச் சுவர் ஈரம் ஊறிக் கறுத்தது. குழந்தைக்கு மூச்சு இழுத்தது. அந்தச் சுவரோடு இந்தக் குழந்தையை வைக்காதீர்கள் என்று மருத்துவர் சொன்னதால் வேறு தெருவில் வாடகைக்கு வந்தோம். பழைய வீட்டை விற்றுத் தரும்படி வீட்டுத் தரகர் ஒருவரிடம் சாவி கொடுத்தோம். காப்பீடு அந்த வருடத்தோடு தானாக முடிந்துவிடும் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். அது தானாகத் தொடரும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தரகர் ஒருநாள் என்னிடம், "வெறும் வீட்டக் காட்டினா பேய் பங்களா மாதிரி இருக்குன்னு அடிமாட்டு வெலைக்குக் கேப்பான் தங்கச்சி. குடும்பம் நடக்கற வீடா இருக்கணும். நீங்க விட்டுட்டுப் போன சாமானையே வச்சு நான் பண்ணிக்கறேன்" என்றார். சரி என்றேன். குழந்தையின் மரக்கட்டிலுக்குப் புது வீட்டில் இடம் இல்லாததால் அது பின்னறையிலேயே இருந்தது. தரகர் அதில் குழந்தை அளவுக்கு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, எங்கள் பழைய போர்வையால் காதுவரை மூடி, பக்கத்தில் ஒரு மேசை விளக்கை வைத்து, இருட்டும் நேரத்தில் அதுவாக எரிந்து அதுவாக அணையும்படி டைமர் மாட்டியிருந்தார். இது எனக்கு முன்கூட்டித் தெரியாது. தண்ணீர் குழாயை மூட ஒரு சாயங்காலம் அங்கே போனபோது பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தேன். என் மகள் என் இடுப்பில் இருந்தாள். அப்படியிருந்தும் உள்ளே தூங்குவது எழுந்துவிடக்கூடாது என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத்தான் இறங்கினேன். படித் திருப்பத்தில் வந்து நின்ற பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பொம்மையை எடுத்துவிடத் திரும்பி ஏறவில்லை.

அதன் பிறகு என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பாலிசி தானாகப் புதுப்பிக்கப்பட்டது, விவரங்களில் மாற்றம் இல்லை என எடுத்துக்கொள்ளப்பட்டது, இனிமேல் தினமும் வீட்டு நிலவரம் இலவசமாகத் தெரிவிக்கப்படும் என்று அதில் இருந்தது. மறுநாளிலிருந்து, "மாடிப் பின்னறை: அமைதி. எல்லாரும் பத்திரம்" என்று வர ஆரம்பித்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு, "அந்த வீட்டுக் குழந்தை எவ்வளவு சமத்து பாரு, அழுகையே இல்ல. இத அங்க விட்டுட்டு அத இங்க தூக்கிட்டு வந்துடலாமா?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு புதுப்பித்தலை ரத்து செய்ய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள், வயதில் என்னைவிடச் சின்னவளாகத்தான் இருக்க வேண்டும். பேசுவது நான்தான் என்று உறுதி செய்ய ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள்.

"உங்க குழந்தை தூங்கற ரூம் எது மேடம்?"

"அங்க இப்ப குழந்தையே இல்லம்மா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"பதில் பொருந்தல மேடம். பொருந்தினாத்தான் நான் மேல பேச முடியும்."

"மாடிப் பின்னறை" என்றேன்.

"நன்றி மேடம். உறுதி பண்ணியாச்சு."

அதன் பிறகு வீடு காலியாக இருப்பதைச் சொன்னேன். அவள் கணினியில் சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல நடமாட்டம் இருக்குன்னு கருவி காட்டுதே மேடம்" என்றாள். வீடு பார்க்க வருகிறவர்களாக இருக்கும் என்றேன். "தினமும் பொழுது சாஞ்சதும் குழந்தை ரூம்ல லைட் போடறாங்க மேடம்" என்று என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். பிள்ளை பெற்ற அசதியில் நான் ஏதோ உளறுகிறேன் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் சொன்ன மாற்றத்தைக் குறித்துக்கொள்வதாகவும், அது அடுத்த புதுப்பித்தலிலிருந்து நடைமுறைக்கு வரும் என்றும் சொன்னாள். அடுத்த புதுப்பித்தலே வேண்டாம் என்றுதான் கூப்பிட்டேன் என்றேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

இதன் பிறகும் பலமுறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுத்தார்கள், கேள்வி மட்டும் ஒன்றே. ஒவ்வொரு முறையும் மாடிப் பின்னறை என்று சொல்லித்தான் மேலே பேச முடிந்தது. அந்தப் பதில் என் அடையாளத்தைச் சரிபார்க்க மட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அது, குழந்தை இன்னும் அங்கேதான் தூங்குகிறது என்று தாயே உறுதி செய்ததாகப் பதிவாகிறது என்பது எனக்குத் தெரியாது. இதைத் தீயணைப்பு அதிகாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கருவியைக் கழற்றிவிடலாம் என்று ஒரு முறை பழைய வீட்டுக்குப் போனேன். குழந்தையைத் தரையில் விரிப்பில் உட்காரவைத்துவிட்டு நாற்காலியில் ஏறித் திருகினேன். கை பட்டதும் அது அலற ஆரம்பித்தது. கீழே என் மகளும் அலறினாள். கட்டிலில் இருந்தது மட்டும் அசையாமல் கிடந்தது. பயந்துபோய்த் திரும்ப மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். என் கணவர், "நீ ஏன் கையக் காலை ஒடச்சுக்கற? அடுத்த லீவுக்கு ஏணி கொண்டு வந்து நானே கழட்டறேன். அதுவரைக்கும் இன்சூரன்ஸ் இருந்தா நமக்கென்ன நஷ்டம்?" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த லீவு வருவதற்குள் சம்பவம் நடந்துவிட்டது.

சம்பவத்தன்று மத்தியானம் குழந்தை தூங்கியதும் நிறுவனத்துக்கு மறுபடியும் போன் செய்தேன். கேள்வி கேட்டார்கள். மாடிப் பின்னறை என்றேன். மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பழைய வீட்டுக்கு எதிரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா கூப்பிட்டார். "ஏம்மா, ஒங்க வீட்டு மாடில பொகையா வருது. நீ எங்கடி இருக்க? கொழந்தைய எடுத்துட்டு வெளிய வந்துட்டியா?" என்றார். நாங்கள் அங்கே இல்லையே அக்கா என்றேன். "தெனமும் லைட்டு எரியுது, திரும்பி வந்துட்டீங்கன்னு இல்ல நெனச்சேன். உள்ள கொழந்த இருக்குன்னு இப்பத்தான் ஃபயர் வண்டிக்காரங்ககிட்டயும் சொன்னேன்" என்றார். குழந்தை என்னோடுதான் இருக்கிறாள் என்று நான் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. குழந்தையின் வாயைக்கூடத் துடைக்காமல் தூக்கிக்கொண்டு தெருவில் முதலில் வந்த வாடகை வண்டியில் ஏறினேன். ஏறும்போதே போனில் செய்தி வந்தது. "மாடிப் பின்னறை: புகை. உதவி வந்துவிட்டது. குழந்தை இருக்கும் இடம் தெரிவிக்கப்பட்டுள்ளது."

தீயணைப்பு நிலையத்தின் எண்ணைப் போட்டேன், கிடைக்கவில்லை. தையல்கார அக்காவும் எடுக்கவில்லை. அதனால் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். இந்த முறை ஆள் எடுக்கவில்லை, பதிவு செய்த குரல் வந்தது. உங்கள் குழந்தை தூங்கும் அறை எது என்று கேட்டது. என் மடியில் இருக்கிறாள் என்றேன். பதில் பொருந்தவில்லை, மறுபடியும் முயலவும் என்றது. என் மடியில், என் மடியில் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வண்டி ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாடிச் சன்னல் கறுப்பாக இருந்தது. தீயணைப்பு அதிகாரியிடம் ஓடினேன். அவர் என்னை ஒதுக்கிவிடப் பார்த்தார். "உள்ள யாரும் இல்லைங்க" என்றேன். அவர் கையிலிருந்த திரையைக் காட்டி, "மாடிப் பின்னறைல ஒரு குழந்தைன்னு இருக்கே. இன்னிக்கு மத்தியானம் அவங்க அம்மாவே உறுதி பண்ணியிருக்காங்க" என்றார். நான்தான் அம்மா என்று சொல்லி மகளைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவள் கன்னத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. அவர் அவளைப் பார்த்தார், உடனே ரேடியோவில், "குழந்தை வெளிய இருக்கு, திரும்பி வா" என்றார். பதில் இல்லை. மறுபடியும் சொன்னார். உள்ளே போயிருந்த வீரரின் ரேடியோ அவருடைய முகமூடியோடு சேர்ந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அதன் பிறகு அந்த வீரர் வாசல் வழியாக வெளியே வந்தார். எங்கள் போர்வையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவர் முகத்தில் முகமூடி இல்லை. அதைக் கழற்றிப் போர்வைக்குள் இருந்ததன் முகத்தில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். "மூச்சு இல்ல, மூச்சு இல்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. போர்வை விலகிப் பொம்மையின் தலை தெரிந்ததை நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தார்கள். அவர் பார்த்ததாகத் தெரியவில்லை, அவர் கண்கள் மூடியிருந்தன. அப்படியே முழங்காலில் சரிந்தார்.

விளக்கின் டைமர் சூடேறி, அது செருகியிருந்த பிளக் பெட்டி உருகித் தீப்பிடித்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது. என் கணவர் அப்போது அச்சகத்தில் இருந்தார். காப்பீட்டுப் பணம் கேட்டு நானோ அவரோ விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பிக்கவும் மாட்டோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுவனத்திலிருந்து செய்தி ஒன்று வந்தது. கருவி பதில் தரவில்லை, குழந்தை அதே அறையில் நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், பதில் வராவிட்டால் கடைசியாகச் சொன்னதே தொடரும் என்று அதில் உள்ளது. நான் எதையும் அழுத்தவில்லை. போனை அப்படியே அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அந்த வீரர் மருத்துவமனையில் இருக்கிறார். நுரையீரல் வெந்துவிட்டது, நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது என்கிறார்கள். நினைவு வரும்போதெல்லாம் குழந்தையைக் கேட்கிறாராம். நலமாக இருக்கிறது என்று சொன்னால் நம்ப மறுத்து, "தூக்கினேனே, கனமே இல்லையே" என்கிறாராம். வார்டு நர்ஸ் போனில் என்னிடம் இதைச் சொன்னார். வாக்குமூலம் முடிந்ததும் என் மகளோடு அங்கே போக அனுமதி கேட்டிருக்கிறேன். அவருக்குக் கை தூக்க முடிந்தால் கையில், முடியாவிட்டால் பக்கத்திலாவது அவளை வைக்க வேண்டும். அவளுடைய கனம் அவருக்குத் தெரிய வேண்டும். தாமதிக்க வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதால் இத்துடன் முடிக்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் என் வாயால் சொன்னதும்தான். யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ எழுதவில்லை. எழுதியதை நானே ஒரு முறை வாசித்துப் பார்த்து, எல்லாம் உண்மை என்று, மகளைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)