பகல்ல மூடாத கடைகள்

உக்காருங்க தம்பி. கத்தியைக் கையில வச்சுக்கிட்டே உக்காரலாம், நான் ஒண்ணும் சொல்லலை. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். மூட்டை மேலயே உக்காருங்க, துவைச்ச துணிதான்.

எனக்குப் புரியுது. நாளைக்குக் கோர்ட்டுல நான் வாயைத் திறக்கக் கூடாது. மெஷின் கோளாறு, எங்க வீட்டுக்காரர் தானா கையை விட்டுக்கிட்டாருன்னு சொல்லணும். உங்க அண்ணன் வெளிய வரணும். அவ்வளவுதானே? சரி சரி, கத்தாதீங்க. மாட்டேன்னு நான் இன்னும் சொல்லலையே. இந்தக் காலரை மட்டும் முடிச்சுக்கிறேன், பாதியில விட்டா கருகிடும். ஐயோ, இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து ஏன் பயப்படுறீங்க? உங்க மேல வைக்கிற ஆளா இருந்தா நீங்க உள்ள வரும்போதே வச்சிருப்பேன்.

உங்க அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு? தள்ளுமுள்ளு, வாய்ச்சண்டை, அப்படித்தானே? நான் இதே இடத்துல நின்னேன் தம்பி. நான் பார்த்ததைக் கேட்டுக்கோங்க, அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. பொய் சொல்றதுன்னாலும் எது பொய்னு தெரிஞ்சுதானே சொல்லணும்.

நல்ல மத்தியானம். உங்க அண்ணனும் கூட்டாளிங்களும் முதல்ல எதிர்ல சாவிக்காரர் கடைக்குப் போனாங்க. கருப்புத்தோலுக்கு இந்தத் தெருவுல என்னடா வேலை, மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்க நாட்டுக்கே போன்னு கத்திக்கிட்டே கண்ணாடியை உடைச்சாங்க. சாவிக்காரர் பின்பக்கமா ஓடித் தப்பிச்சுட்டார். அடுத்து இங்க வந்தாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு அப்பிராணி. உங்க அண்ணனைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஓ, கோட்டு வாங்க வந்திருக்கார்னு தோணுச்சு. ஆமா, உங்க அண்ணனோட கம்பளிக் கோட்டு இங்கதான் கிடந்துச்சு. நாங்க துவைச்ச கோட்டு ஆகும், எங்க தோலுதான் ஆகாது! ரெடியா இருக்கு சார், ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு முதுகைக் காட்டி ஹேங்கர்ல தேடுறாரு மனுஷன்.

அந்த முதுகுலதான் முதல் அடி விழுந்துச்சு. கம்பியால. மடங்கி விழுந்தவரை ரெண்டு பேர் தூக்கி நிறுத்தினாங்க. வலது கையை இதோ இந்தப் பிரஸ் மெஷின்ல விரிச்சு வச்சாங்க. உங்க அண்ணன் பெடலை மிதிச்சார். கோட்டுக்கு வைக்கிற சூட்டுல இருந்துச்சு மெஷின். மேல்தட்டு இறங்கினதும் ஒரு வாடை வந்துச்சு பாருங்க, இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன், அப்படி ஒரு வாடை எனக்குத் தெரியாது. அப்புறந்தான் அவர் சத்தமே வந்துச்சு. உங்க அண்ணன் காலை எடுக்கலை. என் முடியைக் கொத்தாப் பிடிச்சு முகத்தைத் திருப்பி, பாருடி, தேய்ச்சா கருப்பு போகுதான்னு பாருடின்னு...

அம்மா!

ம். பரவாயில்லை. நீங்க அறைஞ்சதுல உதடுதான் கிழிஞ்சிருக்கு, பல்லு ஆடலை. டாக்டரம்மா தேய்க்கக் கொடுத்த சட்டையில ரத்தம் தெறிச்சுடுச்சு பாருங்க. உடனே பச்சைத் தண்ணியில போடணும், வெந்நீர் பட்டா கறை நின்னுடும். இருங்க, எங்கயும் ஓடலை. இந்த வாளியிலதான் போடுறேன்.

உங்களுக்கு இது தெரியாது, இல்ல? முகத்துலயே தெரியுது. பொய்யின்னு கத்துறீங்க, ஆனா அண்ணன் இப்படிச் சொல்லியிருப்பாருன்னு உங்களுக்கே தோணுது. வீட்டுலயும் அவர் சிரிச்சுக்கிட்டேதான் அடிப்பாரோ? சரி, கேக்கலை. விடுங்க.

அவங்க செஞ்சதை நான் மறக்கமாட்டேன். ஆனா என் வயிறு எரிஞ்சது வேற ஒண்ணுக்கு. என்னைக் கீழ தள்ளிவிட்டதும் தவழ்ந்து தவழ்ந்து வாசல் வரைக்கும் போய்க் கத்துனேன். காப்பாத்துங்க, யாராவது வாங்கன்னு. தெரு நிறைய ஆள் தம்பி. எல்லாக் கடையிலயும் ஆள். நான் கத்தக் கத்த ஒவ்வொரு ஷட்டரா இறங்கிச்சு. மடமடன்னு. முடிவெட்டுறவர் என் கண்ணைப் பார்த்துக்கிட்டே இறக்கினார். என் குழந்தைங்களுக்கு முதல் முடி வெட்டினவர் அவரு!

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னார். வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். துப்பக்கூட துப்பினேன். போகலையே. நான் கொஞ்சம் வெளுப்பு, என்னைத் தொடமாட்டாங்கன்னு நினைச்சேங்க, உங்களைத்தான் தேடி வந்திருக்காங்க, நமக்கென்னன்னு நினைச்சேங்கன்னு அழுதார். இதுதான் தம்பி உங்க அண்ணனோட பலம். கம்பியில என்ன இருக்கு? இந்தத் தெருவுல ஒவ்வொருத்தனும் தன் தோலைப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரன் தோலைப் பார்த்து, அப்பாடா, நான் இல்லைன்னு இருந்தோமே, அதை வச்சுத்தான் அவர் உள்ள வந்தார்.

ரொட்டிக்காரரைத் தெரியுமில்ல? தெரியாம இருக்குமா, உங்க ஆளுதானே. உங்களை மாதிரியே வெள்ளைத்தோல், இதே ஊர்ல பொறந்தவர். அவரும் அன்னைக்கு இறக்கினவர்தான். அவர்தான் எல்லாரையும் தன் கடைக்குக் கூப்பிட்டார். அவங்க அடிச்சது என் பேரைச் சொல்லி, என் தெருவைக் காப்பாத்துறேன்னு சொல்லி, அதனால இனிமே நான்தான் முன்னாடி நிக்கணும்னார். அங்க நடந்த சண்டையை நீங்க பார்த்திருக்கணும்! மீன்கடை அக்கா வெட்டுக்கத்தியை மேஜையில குத்தி நிறுத்திட்டாங்க. அடுத்த தடவை வரட்டும், செதில் எடுத்துடுறேன்னாங்க. பாதிப் பேர் அக்கா பக்கம். எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்து சொல்லி அனுப்பினார். யார் கையிலயும் ஒண்ணும் இருக்கக் கூடாது, இருந்தா நம்மளைத்தான் உள்ள வைப்பாங்க, சும்மா வந்து நின்னாப் போதும், எல்லாரும் நின்னாப் போதும்னு. அந்தக் கையோட படுத்துக்கிட்டு அந்த மனுஷன் சொல்றார். விரல் இனிமே மடங்காது. சட்டைப் பட்டன் நான்தான் போட்டு விடுறேன். அவர் சொன்னதுக்கு அப்புறம் யாருக்கு எதிர்த்துப் பேச வாய் வரும்?

அப்பத்தான் அந்த ஏற்பாடு வந்துச்சு. அன்னைக்கு ஷட்டரை இறக்கித்தானே எங்களைக் கைவிட்டாங்க? இனிமே பகல்ல எந்தக் கடை ஷட்டரும் இறங்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி. திறந்தே கிடக்கும், பக்கத்துக் கடை பார்த்துக்கும். சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா மூடுவோம். நடுப்பகல்ல ஒரு ஷட்டர் இறங்குச்சுன்னா, உள்ள யாரோ அடி வாங்குறாங்கன்னு அர்த்தம். போட்டது போட்டபடி எல்லாரும் ஓடி வரணும்.

முதல்ல கூத்துதான் நடந்துச்சு. முடிவெட்டுறவர் பழக்கதோஷத்துல இறக்கி விட்டுட்டுத் தூங்கிட்டார். தெருவே போய் நின்னுச்சு. ரொட்டிக்காரர் முழங்கை வரைக்கும் மாவோட நிக்கிறார். போலீசுக்கும் சொல்லியாச்சு. கண்ணைக் கசக்கிக்கிட்டு ஷட்டரைத் தூக்கினவர் அத்தனை பேரையும் பார்த்துட்டு, யார் செத்துட்டாங்கன்னு கேட்டார் பாருங்க! திட்டு வாங்கினார். ஆனா அன்னைக்கு ராத்திரிதான் நான் நல்லாத் தூங்கினேன்.

என்ன, எழுந்துட்டீங்க?

பின்கதவு கிடையாது தம்பி, அங்க பாய்லர்தான் இருக்கு. நாளைக்கு என்ன சொல்லுவேன்னுதானே கேட்டீங்க, இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன். இதே வார்த்தைதான், ஒண்ணு கூட மாத்தமாட்டேன். எதுக்கு இவ்வளவு நீட்டினேன்னா, எல்லாரும் கைவேலையைப் போட்டுட்டு வந்து சேர நேரம் வேணாமா? நீங்க உள்ள வந்ததும் வராததுமா ஷட்டரை இழுத்து விட்டீங்களே, நான் தொட்டேனா? துவைக்கிற மெஷின் ஓடினதால வெளிய ஆள் சேர்ற சத்தம் உங்களுக்குக் கேக்கலை. இதோ, நிறுத்திட்டேன். இப்பக் கேக்குதா?

கத்தியை அந்த வாளிக்குள்ள போட்டுட்டு ஷட்டரை நீங்களே தூக்குங்க. யார் கையிலயும் ஒண்ணும் இருக்காது, போலீஸ் வர்ற வரைக்கும் சுத்தி நிப்பாங்க, அவ்வளவுதான். ஆனா வெளிய போனதும் ரொட்டிக்காரர் பக்கத்துல ஒட்டி நின்னுக்கோங்க. மீன்கடை அக்கா இன்னும் என் உதட்டைப் பார்க்கலை.