அரை அங்குலம் மடித்த கை

அவையை ஆளும் தலைவர் அவர்களே, எலும்பின் வலுவை அளக்கும் கருவியோடு அடுத்த அறையில் காத்திருக்கும் மருத்துவரம்மா அவர்களே, தையல் சங்கத்து மூத்தோரே, எந்திரம் மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்த தாய்மாரே, வணங்குகிறேன்!

நான் எழுத்தறியாத தையல்காரன். ஐம்பது ஆண்டு அளந்த உடம்புகள் அத்தனையும் என் தலைக்குள் இருக்கின்றன. என்ன தம்பி, உங்கள் இடுப்பளவா? சொன்னால் பக்கத்தில் உங்கள் வீட்டம்மா சிரிப்பார், உட்காருங்கள்.

என் மனைவிக்கு நாற்பத்தெட்டில் மாதவிலக்கு நின்றது. மூட்டு வலித்தது. "வயசாகுதுல்ல" என்றேன். மூன்று ஆண்டு கழித்துத் தன் நீளக் கவுனோடு வந்தாள்.

"ஏங்க, முன்னாடி மட்டும் தரையில இழுக்குது. நல்லா வெட்டுனீங்க போங்க!"

தாய்மாரே, நான் அவளைப் பார்த்தேனா? துணியைப் பார்த்தேன்! "துவைச்சதுல தொங்கிருச்சு" என்று அரை அங்குலம் மடித்தேன். மறு ஆண்டும் மடித்தேன். அதற்கடுத்த ஆண்டும் மடித்தேன். நீண்டது துணியா? இல்லை ஐயா, இல்லை! குறைந்தது அவள் உயரம்! குனிந்தது அவள் முதுகு! ஊரையெல்லாம் அளந்தவன் உடனிருந்தவளை அளக்கவில்லை!

ஒரு காலை, தேநீர் ஆற்றும்போது தும்மினாள். ஒரே தும்மல். அடுப்படியிலேயே சரிந்தாள். முதுகெலும்பு நொறுங்கியிருந்தது.

"மாதவிலக்கு நின்னா எலும்பு வேகமா தேயும் பெரியவரே. உயரம் குறைஞ்சத யாருமே கவனிக்கலையா?" என்றார் மருத்துவர்.

கவனித்தேனே! மூன்று முறை மடித்துத் தைத்தேனே!

இன்று கோலூன்றி நாலடி நடக்கிறாள். கைதட்டாதீர்கள், நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

நேற்று என் மகள் வந்தாள். வயது ஐம்பத்திரண்டு.

"அப்பா, இந்தக் கவுன் முன்னாடி இழுக்குது. சும்மா அரை அங்குலம் மடிச்சுக் குடுங்க."

எடுத்த கத்தரியைக் கீழே வைத்தேன். எலும்பை அளந்துவிடலாம் வா என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு உங்க பேச்சக் கேட்டுட்டு நேரா வேலைக்குப் போயிடுவேன்."

அதோ, மூன்றாம் வரிசை. பையை மடியில் வைத்துக் கடிகாரம் பார்க்கிறாள். என்னம்மா?

"அப்பா! மானத்த வாங்காதீங்க!"

மானம் கிழிந்தால் நான் தைத்துத் தருவேன் கண்ணு. முதுகு முறிந்தால் தைக்க என்னிடம் நூல் இல்லையே! இதோ உன் கவுன், மடிக்காமல் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் அந்த அறைக்குள் போய் வா. பிறகு ஊசி எடுக்கிறேன்.

எழுந்துவிட்டாள்! வழிவிடுங்கள் தாய்மாரே! உங்களில் யாருக்கெல்லாம் முன்பக்கம் இழுக்கிறது? அவள் பின்னாலேயே போங்கள்!

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் இந்தக் கைநாட்டுக்காரனின் நன்றியும் வணக்கமும். தலைவரே, நான் நாற்காலிக்குத் திரும்பவில்லை. அந்தக் கதவோரம் நிற்கப் போகிறேன்.