அண்ணனுக்கு நான்தான் காது

அண்ணனுடைய ட்யூனருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும் அண்ணி. வாங்கி மாட்டுவது நான்தான். நீங்கள் இப்போது மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதே ட்யூனர். கிட்டாரின் தலையில் இதை மாட்டிவிட்டுக் கம்பியைத் தட்டினால், சுருதி சேர்ந்ததும் பச்சை விளக்கு எரியும். அண்ணனுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது காது அடியோடு போயிற்று. தகரப் பட்டறையில் இருபது வருஷம் நின்றதில் வலது காதும் பாதி போயிற்று. அதனால் சுருதி விஷயத்தில் அவர் காதை விட்டுவிட்டு விளக்கை நம்பினார். அது புத்திசாலித்தனம்தான்.

குண்டூசி உங்களிடம் வந்து என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் கொஞ்சம் வாயடக்கமாக இருப்பான் என்று நினைத்திருந்தேன். போகட்டும். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நானும் ஒளிக்கப் போவதில்லை. நடுவில் மட்டும் அழாதீர்கள். அழுதால் எனக்குக் கோவையாகச் சொல்ல வராது.

ஞாயிறு மதியம் உணவகத்தில் நாங்கள் மூன்று பேர் வாசிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குண்டூசி பேஸ், நான் லீட், அண்ணன் ரிதம். ரிதம் என்றால் தரை போடுகிற வேலை. அந்தத் தரைமேல் நான் ஆடுவேன். அண்ணனிடம் இருந்ததெல்லாம் நாலைந்து கார்டு, அதாவது மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து அடிக்கும் பிடிகள். அவற்றை ஆணி அடிப்பதுபோல மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவரும் எதிர்பார்க்கவில்லை. பதினாறு வருஷம் அப்படித்தான் போயிற்று. நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

போன வருஷம், விரல் வைக்கும் இடமெல்லாம் படம் போட்ட ஒரு ப்ளூஸ் இசைக் கார்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஒரே மாதிரி அடிச்சு எனக்கே சலிச்சுப் போச்சுடா. வாசிப்புல கொஞ்சம் உப்பு உறைப்பு சேர்க்கணும்" என்றார். நான் சிரித்தேன். நாற்பத்தெட்டு வயது, அரைக் காது, ப்ளூஸ். ஆசைக்கு அளவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு, மோவாயைக் கிட்டாரின் விளிம்பில் அழுத்திக்கொண்டு வாசிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? எலும்பு வழியாக ஒலி ஏறுகிறதாம். நீங்கள்கூட, "கிட்டாரைக் கடிச்சுத் தின்னுடப் போறீங்க" என்று கேலி செய்தீர்கள். முதலில் செவன்த் கார்டுகள். பிறகு அதைவிடக் கஷ்டமான நைன்த். அந்த நைன்த் கார்டைக் கிட்டார்க் கழுத்தில் இரண்டு கட்டம் மேலே பிடித்து, தாளம் விழுகிற நேரத்துக்குச் சரியாகச் சறுக்கிக் கீழே வருவார். சுண்டுவிரல் ஒன்று மட்டும் நடுவில் எழுந்து ஏதோ சொல்லிவிட்டு அடங்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். எட்டே மாதத்தில் அவர் கை நகர்ந்துவிட்டது.

நன்றாக இருந்தது அண்ணி. அதில் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிறு, என் சோலோ ஓடிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனுடைய கையைப் பார்த்தார்கள். இடைவேளையில் உணவக முதலாளி வந்தார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "தம்பி, உன் சோலோவைக் கொஞ்சம் அடக்கி வாசி. அண்ணன் வாசிக்கிறது காதுல விழ மாட்டேங்குது."

அண்ணனுக்கு அது கேட்கவில்லை. "என்னடா சொல்றாரு?" என்றார்.

"நல்லா இருக்காம்" என்றேன்.

ட்யூனரின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறது பாருங்கள். அது 440 என்று இருக்க வேண்டும். உலகமெல்லாம் அந்த அளவுக்குத்தான் சுருதி சேர்க்கிறார்கள். பக்கத்திலுள்ள பட்டனை அமுக்கினால் அது 439 ஆகும். பச்சை விளக்கு அப்போதும் எரியும், கிட்டார் மட்டும் ஓர் இழை இறங்கியிருக்கும். அண்ணனுடைய ட்யூனரில் மட்டும் வாரத்துக்கு ஒன்று இறக்கினேன்; குண்டூசியும் நானும் 440-இலேயே இருந்தோம். ஒரே நாளில் இறக்கியிருந்தால் அது மட்டமான வேலை. 434-இல் நிறுத்திவிட்டேன். எனக்கு அளவு தெரியும். பழைய கார்டுகளை அடித்திருந்தால் அந்த இறக்கம் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துபோயிருக்கும். அவர் பழையபடி வாசித்திருந்தால் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்தான் நைன்த்தை விடவில்லை.

குண்டூசி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "என்னப்பா இது, ரிதம் என்னோட ஒட்டவே மாட்டேங்குது?"

"விளக்கு பச்சையாத்தானே எரியுது? கிட்டார் மேல தப்பில்ல. அண்ணன் காது மொத்தமா போயிட்டிருக்கு, விரல் எங்கெங்கயோ விழுது. அவர்கிட்ட சொல்லிடாதே, மனசு உடைஞ்சு போயிடுவாரு."

குண்டூசி இளகிய மனசுக்காரன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து பாட்டுக்குப் பாட்டு அண்ணனைப் பாராட்ட ஆரம்பித்தான்.

அதே வாரம் அண்ணனும் என்னைப் பிடித்துக்கொண்டார். "டேய், கார்டு ரெண்டா பிளந்து கேக்குதுடா. பேஸ் ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். உனக்கு அப்படிக் கேக்கலையா?"

நான் குண்டூசியைக் கைகாட்டினேன். "இல்லண்ணே, தேனா இருக்கு" என்றான் அவன்.

அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நியாயத்துக்குச் சொல்ல வேண்டும் அண்ணி, அவர் காது சரியாகத்தான் கேட்டது. கார்டு உண்மையிலேயே பிளந்துதான் இருந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரி. அன்றைக்கு நீங்கள் மாத்திரைக்காக வெளியே வரிசையில் நின்றீர்கள். உள்ளே அண்ணனும் நானும். டாக்டரம்மா பொறுமைசாலி, ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக் காட்டினார். ஒலி இரண்டாகப் பிளந்து கேட்கிறதா என்று எழுதினார். அண்ணன் தலையாட்டினார். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பி வாயால் சொன்னார்:

"இடது காதுல கருவி வைக்க வழியில்ல. வலது காதுலதான் ஆபரேஷன் பண்ணி உள்ள வைக்கணும். வச்சா பேச்சு தெளிவா கேக்கும். ஆனா இப்ப மிச்சமிருக்கிற சொந்தக் காது போயிடும். பாட்டு பழையபடி திரும்பி வராது. பாட்டு அவருக்கு இன்னும் ஒழுங்கா கேக்குதுன்னா, நான் இப்ப கை வைக்க மாட்டேன். காத்திருக்கலாம்."

அதையும் எழுதி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் இரண்டு தடவை படித்தார். "இவனைக் கேளுங்க டாக்டர். இவன்தான் எனக்குக் காது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "சொல்லுடா. எனக்குப் பாட்டு இன்னும் இருக்கா?"

எண்ணை ஏற்றுகிற பட்டனை ஆறு தடவை அமுக்கினால் முடிந்துபோகிற விஷயம். அது எனக்கு அப்போதும் தெரியும். மறந்துவிட்டேன் என்றோ பயந்துவிட்டேன் என்றோ உங்களிடம் சொல்லப் போவதில்லை. அவருக்கு உதட்டசைவு புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"இல்லண்ணே. எப்பவோ போயிடுச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு யாரும் சொல்லல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது சொன்னியே" என்றார். உடனே பேனாவை வாங்கி ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நல்லதையும் சொல்ல வேண்டும் இல்லையா? இப்போது நீங்கள் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறார். அதற்காக நீங்களே எனக்கு நன்றி சொன்னீர்கள். கருவி வைத்த மாதமே கிட்டாரை எடுத்து, அந்த நைன்த் கார்டைச் சறுக்கி ஒரே ஒரு தடவை வாசித்தார். "தகர டப்பாவுல ஆணியைப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்குடா" என்றார். உறையில் போட்டு மூடினார். குண்டூசி இரவல் கேட்டபோது ட்யூனரை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதற்கு முன்னால் நான் எண்ணைத் திருப்பி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை; 434 அவன் கண்ணில் பட்டுவிட்டது. அது என் கவனக்குறைவு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பொறாமையா என்று கேட்கிறீர்கள். லீட் வாசிக்கிறவன் ரிதம் வாசிக்கிறவனைப் பார்த்து எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? எனக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உணவகத்துக்கு வருகிறார், முன்வரிசை மேசையில் உட்காருகிறார். நான் தொடங்குகிற நேரம் பார்த்து, காதுக்குப் பின்னால் இருக்கும் கருவியின் வெளித்துண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். கடைசிப் பாட்டு முடிகிறவரை என் விரல்களைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இத்தனை வருஷத்தில் என் வாசிப்பை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை அண்ணி.